மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்: இழுவை இழந்த ஒரு காலத்தின் கதை

போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. முகாம்கள் வீழ்ந்த திகதிகளும் குண்டுகள் விழுந்த இடங்களும் நூல்களில் ஏறியிருக்கின்றன. ஆனால் பெற்றோல் இல்லாத ஒரு குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக வாகனங்களை ஓட வைத்த கராஜ் தொழிலாளரின் வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. பழைய வண்டி ஒன்று ஏன் இழுவையை இழக்கிறது என்ற கேள்வியை அவர்களைப் போல வேறெவரும் நாளாந்தம் எதிர்கொண்டிருக்க முடியாது. வண்டியைப் பழுது பார்ப்பதென்பது அவர்களுக்கு அக்கால அரசியலைப் படிப்பதாகவும் இருந்தது.

1990 ஜூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதோடு வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஆனையிறவு வழி அடைபட்டது; மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தனர். மின்சாரமும் நின்றுபோயிற்று. பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு வந்து, கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் நாளிதழ் அச்சான காலம் அது. வீட்டு விளக்கெரிக்கவென மட்டுப்படுத்தப்பட்ட அளவில் மண்ணெண்ணெய் வந்தது. வண்டிகளுக்கும் அதுவே கதியாயிற்று.

அந்த மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்ட வண்டிகள் எவை என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, முன்னர் வந்த பிரித்தானிய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியன வீட்டுக்கு மூத்த பிள்ளைகள் போல இருந்தன. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவையே சென்றன. மொறிஸ் மைனரிலும் ஏ-40 இலும் பின்புறம் திறந்த பிக்கப் வகைகளும் தொழிற்சாலையிலிருந்தே வந்திருந்தன. 1977 க்குப் பின் வந்த ஜப்பானிய வண்டிகள் அழகிலும் வேகத்திலும் இவற்றை விஞ்சின. ஆயினும் தடை வந்தபோது கிழங்களே வென்றன.

காரணம் எஞ்சினின் அமுக்க விகிதத்தில் இருக்கிறது. பழைய பிரித்தானிய எஞ்சின்கள் பல, எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே அமுக்கின. பின்வந்தவை அதைவிடக் கூடுதலாக அமுக்கின. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. பொறி கிளம்பிய பின் ஒழுங்காக எரிந்து செல்லாமல், சிலிண்டரின் ஒரு மூலையில் தானாகவே வெடித்து 'டக் டக்' என்று தட்டும். அத்தட்டு நீடித்தால் பிஸ்டனே பழுதாகும்.

இங்கே பலரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் 'சக்தி குறைந்த' எண்ணெய் அன்று. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கிய வெப்பம் ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதை விடச் சற்று அதிகமே. அப்படியானால் இழுவை எங்கே போயிற்று? பெற்றோலின் ஒரு பகுதி நமது சாதாரண வெயிற் சூட்டிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளிகளாகவே நுழைகிறது. துளி முழுமையாக எரிவதில்லை. எரியாத எச்சம் பிளக்கில் கரியாகப் படிகிறது. மிகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, றிங்குகளைக் கடந்து, கீழேயுள்ள எஞ்சின் ஒயிலோடு கலக்கிறது. ஒயில் நீர்த்துப் பெயரிங்குகள் தேய்கின்றன. தட்டுதலைத் தவிர்க்கப் பொறி கிளம்பும் நேரத்தைப் பிந்த வைத்தால், அதனாலும் இழுவை குறைகிறது. ஒரே எண்ணெய் நான்கு வழிகளில் வண்டியைத் தளர்த்தியது.

இதற்கு யாழ்ப்பாணம் கண்ட வழி எளிமையானது. கிடைத்த சொற்பப் பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்துக்கொண்டு, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். பற்றரி சோர்ந்திருந்தால் முன்புறம் ஹாண்டில் போட்டுச் சுழற்றுவார்கள். எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் நிறைந்திருந்தன. நோயாளியை ஏற்றிச் செல்லும் காரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாலும் எஞ்சினை நிறுத்த அஞ்சினார்கள். நின்றால் மறுபடி எழுப்பப் பெற்றோல் துளி வேண்டுமே.

இம்முறை உலகுக்குப் புதியதன்று. பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் எழும்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயில் ஓடுமாறே வடிவமைக்கப்பட்டது. அதற்கென அமுக்க விகிதம் குறைக்கப்பட்டது. கலவை செல்லும் வழி சூடாக இருக்க ஏற்பாடும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தமிழகத்தில் 'கரி பஸ்' ஓடியது. மரக்கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய அந்த பஸ், மேடு வந்தால் மூச்சிரைக்கும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பெர்குசனுக்குத் தொழிற்சாலையின் வரைபடம் இருந்தது. கரி பஸ்ஸுக்கு அரசின் ஆதரவு இருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குக்கு இரண்டுமே இருக்கவில்லை.

அந்த மெக்கானிக்குகளில் ஒருவரை நான் வத்தளையில் அறிவேன். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகி, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதிய வலிகாமம் இடம்பெயர்வில் வீட்டை விட்டு, பின்னர் தெற்கே வந்து சேர்ந்தவர். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் குடும்பங்கள் வத்தளை, ஹெந்தளைப் பக்கம் நகர்ந்த காலத்தில் அவரும் இங்கே ஒரு சிறு கராஜ் அமைத்தார். நீர்கொழும்பு வீதியில் ஓடிக் களைத்த பழைய டீசல் பிக்கப்கள் அவரிடம் வரும். "ஐயா, வண்டி இழுக்குதில்லை எண்டு சொன்னவுடன எஞ்சினைக் கழட்டக் கூடாது. முதல்ல அது என்னத்தைக் குடிச்சது எண்டு கேளுங்கோ" என்பார்.

அவர் கைக்கொள்ளும் ஒழுங்கைப் பல தடவை கவனித்திருக்கிறேன். முதலில் எஞ்சினைத் தொடமாட்டார். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் அது கிளச் வழுக்குவது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் கொதித்தால் அது பிரேக் பிடித்து நிற்பது. இவ்விரண்டும் இல்லையென்றால் காற்று வடியையும் எரிபொருள் வடியையும் பார்ப்பார். அடுத்தது புகை. கறுப்புப் புகையென்றால் காற்றுப் போதவில்லை அல்லது எண்ணெய் அதிகம். நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெண்மையென்றால் எண்ணெய் எரியாமல் வெளியேறுகிறது அல்லது தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒயில் கோலை இழுத்து முகர்ந்து பார்ப்பார். அது யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம்.

கடைசியிலேதான் அமுக்கச் சோதனை. அமுக்கம் குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளப்பார். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. மலிவான சோதனை முதலில், செலவான சோதனை கடைசியில் என்பதே இந்த ஒழுங்கின் சாரம். எந்தப் பாடநூலும் இதனையே சொல்லும். ஆனால் உதிரிப்பாகமே கிடைக்காத ஊரில் ஒரு போல்டை வீணாகக் கழற்றுவதும் ஆபத்து என்பதை அவர் பாடநூலில் படிக்கவில்லை.

'என்னத்தைக் குடிச்சது' என்ற கேள்வி பழங்கதையாகிவிடவில்லை என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் எண்ணெய் வரிசைகள் நீண்டன. ஜூலையில் கியூஆர் முறையிலான பங்கீடு வந்தது. வடக்கு 1990இல் அறிந்ததைத் தெற்கு அப்போது ஓரளவு அறிந்தது. ஒகஸ்ட் மாதத்தில் டீசல் லீற்றர் 400 ரூபாவைத் தாண்டியிருக்க, மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் ஆசைக்கு வேறு காரணம் தேவையில்லை. அம்மாதம் 22 ஆம் திகதி மண்ணெண்ணெய் விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கலப்படக்காரரை விட மீனவரும் தோட்டக் குடும்பங்களும்தான் அந்த உயர்வின் பாரத்தைச் சுமந்தார்கள்.

டீசல் எஞ்சினில் மண்ணெண்ணெய் செய்யும் கேடு வேறு விதமானது. பழைய டீசல் பம்புகள் பலவற்றுக்கு, உள்ளே செல்லும் டீசலே மசகெண்ணெயுமாகும். மெலிந்த மண்ணெண்ணெய் அந்தப் பம்பைத் தேய்க்கிறது, உள்ளிடுக்குகளில் கசிகிறது, சிலிண்டருக்குப் போகவேண்டிய அளவு போவதில்லை. அதனால் வந்த இழுவைக் குறைவு, நல்ல டீசல் அடித்த பின்னரும் நீங்காது. விலைப்பட்டியல் மாறிவிடும், தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

1996 க்குப் பின் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, எரிபொருள் கப்பலில் அளவோடு வந்து சேர்ந்தது. வன்னியில் தடை 2002 வரை நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்ததும் ஜப்பானிய வண்டிகள் வரிசையாக வடக்கே சென்றன. மண்ணெண்ணெய் குடித்துத் தேய்ந்த மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மெல்ல வளவு மூலைகளுக்குப் போயின. சிலவற்றை இன்று பழம்பொருள் விரும்பிகள் வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். வண்டிகளுக்கு அந்த மரியாதையாவது கிடைத்தது.

அவற்றை ஓட வைத்த கைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களின் அறிவு எந்தக் கோப்பிலும் இல்லை. சுவடிக்கூடத்தில் தேடிப் பயனில்லை. எந்தக் காபரேற்றரில் எந்த மாற்றம் செய்தார்கள், பொறி நேரத்தை எவ்வளவு பிந்த வைத்தார்கள், ஒயிலை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார்கள் என்பனவெல்லாம் அந்நாட்களில் உயிர் காத்த விபரங்கள். தந்தையோ மாமனோ அக்காலத்தில் கராஜ் வைத்திருந்தவர்கள் எவராயினும், ஒரு மாலைப் பொழுது அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதி வைப்பார்களாயின், எங்கள் வரலாற்றில் விடுபட்டுப்போன ஓர் அத்தியாயம் மீளக் கிடைக்கும்.