வெசுவியஸ் எரிமலைக் கண்காணிப்பு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் வெசுவியஸ், கி.பி. 79இல் பொம்பெயியையும் ஹெர்குலேனியத்தையும் புதைத்த எரிமலை. 1944க்குப் பிறகு அது வெடிக்கவில்லை. அதன் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த அமைதி ஆறுதல் தருவதில்லை. 1631 டிசம்பரில் திடீரெனச் சீறிச் சில ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனதற்கு முன்பும் மலை நெடுங்காலம் அடங்கித்தான் கிடந்தது. அதன் வாய்க்குள் காடு வளர்ந்திருந்தது. அங்கே மாடுகள் மேய்ந்தன.

1631க்குப் பின் மூன்று நூற்றாண்டுகள் மலை அடிக்கடி குமுறியது. அந்தக் காலத்தில்தான், 1841இல், நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் பெர்டினாண்டு மலைச்சரிவில் ஓர் ஆய்வகத்தை நிறுவினார். உலகின் முதல் எரிமலை ஆய்வகம் இதுவே. முதல் இயக்குநர் மசெடோனியோ மெல்லோனி 1848 அரசியல் கொந்தளிப்பை அடுத்துப் பதவி இழந்தார். அவருக்குப்பின் வந்த லூயிஜி பால்மியேரி 1856இல் மின்காந்த நில அதிர்வுமானியை உருவாக்கினார். மனிதர் உணராத நடுக்கத்தையும் அது தாளில் பதிவுசெய்தது. 1872 வெடிப்பின்போது தீக்குழம்பு அருகே ஓடியும் பால்மியேரி ஆய்வகத்தை விட்டு இறங்கவில்லை. கண்காணிப்பு ஒரு துறையாக வேரூன்றியதில் அவருக்கே பெரும் பங்கு.

1944 மார்ச்சில் சான் செபாஸ்தியானோ ஊரின் பெரும்பகுதி தீக்குழம்பில் மூழ்கியது. அதன்பின் எரிமலையின் குழாய் அடைபட்டது. புகையும் ஒளியும் காட்டிக்கொடுத்த மலை வெளிக்குறி ஏதுமின்றிப் போனதால், கவனிப்பு முழுவதும் கருவிகளின் வேலையாயிற்று. கற்குழம்பு மேலேறினால் பாறை விரிசலுற்றுச் சிற்றதிர்வுகள் பெருகும், தரை உப்பும், ஆவித்துளைகளின் வளிமங்களும் வெப்பமும் மாறும். அதிர்வுமானி, ஜிபிஎஸ், சாய்வுமானி, செயற்கைக்கோள் ராடார் ஆகியவை இவற்றை இரவும் பகலும் அளக்கின்றன.

அளவுகளைப் படித்து முடிவெடுப்பதே கடினம். நேப்பிள்ஸுக்கு மேற்கே உள்ள காம்பி ஃப்ளெக்ரெய் எரிமலைப் பகுதியில் 1982–84இல் பொட்சுவோலி நகரத் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டனர்; வெடிப்பு வரவில்லை. அதை வீண் பீதி என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதிர்வுகளில் கட்டடங்கள் சிதைந்துகொண்டிருந்தன. எழுகிற தரை எங்கே நிற்கும் என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால், வெடிக்காத எரிமலைக்காக வீட்டைவிட்டுப் போனவர்களை அடுத்த முறை நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆட்சியாளர் மறக்கக்கூடாது.

வெசுவியஸ் வெடித்தால் பேராபத்துக்குள்ளாகும் பகுதியான சிவப்பு மண்டலத்தில் 25 உள்ளாட்சிகள். ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். முதல் தேசிய அவசரத் திட்டம் 1995இல் வந்தது. இன்றைய திட்டப்படி அவர்கள் அனைவரையும் 72 மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சி மக்களுக்கும் இத்தாலியின் வேறொரு மாநிலம் புகலிடமாகக் குறிக்கப்பட்டுள்ளது. எச்சரிக்கை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏறும். காம்பி ஃப்ளெக்ரெய் 2012 முதல் மஞ்சளில் இருக்கிறது. மலையடி ஊர்களிலிருந்து இடம்மாறும் குடும்பங்களுக்கு 2003இல் காம்பானியா மாநில அரசு 30,000 யூரோ வரை தர முன்வந்தது. ஏற்றுக்கொண்டு போனவர்கள் சிலரே.