கதவைத் திறந்தாச்சு, வாத்தியார் எங்கே?

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்குப் பதினாறு வயது, பேச்சு வராது. வாரத்தில் மூன்று நாள் ஒரு டீச்சர் வருவார். உட்கார வைத்துப் பாடம் நடத்தாமல், அவனைக் கீழே மளிகைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்று நான் வீட்டில் முணுமுணுத்ததுண்டு. வங்கிக்காரன் புத்தி, மன்னியுங்கள். ஒருநாள் லிஃப்டில் அவரிடமே கேட்டுவிட்டேன். ஸ்பெஷல் எஜுகேஷனில் எம்.எட். படித்தவராம். சிரித்துவிட்டு, ஒரு பழைய அமெரிக்கக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். பி.காம். படித்த நான் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த் தெரிந்துகொண்டது இது.

அமெரிக்காவில் எல்லாமே ஆதியிலிருந்து ஒழுங்காக இருந்திருக்கும் என்று நினைப்போம். இல்லை. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி இல்லாத குழந்தையைப் பள்ளி திருப்பி அனுப்பலாம் என்று பென்சில்வேனியாவில் சட்டமே இருந்தது. பெற்றோர் சங்கம் வழக்குப் போட்ட பிறகு, 1971-ல்தான் மாநில அரசு இறங்கி வந்தது. 1975 நவம்பர் 29 அன்று நாடு முழுவதற்குமான சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். அன்றைக்குப் பள்ளி வாசலையே மிதிக்காத குறைபாடுள்ள குழந்தைகள் பத்து லட்சத்துக்கு மேல். ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். இன்றுவரை அந்த 40-ஐ எட்டவே இல்லை. (சாங்ஷன் வேறு, டிஸ்பர்ஸ்மென்ட் வேறு. நமக்குத் தெரியாததா?)

சரி, கதவைத் திறந்தாச்சு. சொல்லிக்கொடுக்க ஆள்?

கொஞ்சம் முன்யோசனையும் இருந்திருக்கிறது. 1958-லேயே ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அது நேரே ஆசிரியர்களுக்கு அல்ல. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரக்கூடிய பேராசிரியர்களை முதலில் உருவாக்குவதற்கு. கென்னடி காலத்தில், 1963-ல், அது மற்றக் குறைபாடுகளுக்கும் விரிந்தது. ஆனால் அதுவரை பள்ளிகளின் தனி வகுப்புகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் லேசான குறைபாடு உள்ளவர்கள். இப்போது வந்தவர்களிலோ உட்காரவும், பேசவும், தானே சாப்பிடவும் முடியாத பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று பல்கலைக்கழகங்களுக்கே தெளிவில்லை. பதினெட்டு வயதுப் பையனுக்கு "மனவயது மூன்று" என்று கணக்குப் போட்டு, பாசிமணி கோர்க்க வைத்தார்கள். மணியைக் கோர்ப்பான், உருவிக் கொட்டுவார்கள், மறுபடி கோர்ப்பான். வருடக்கணக்காக.

இங்கேதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லூ பிரவுன் வருகிறார். மேடிசன் நகரில் இருந்தவர். 1976-ல் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம்: இந்தப் பிள்ளை பெரியவனானதும் ஊருக்குள் மற்றவர்களோடு வாழ இந்தப் பாடம் உதவுமா? அவர் வழியில் வந்தவர்கள் வைத்த சோதனை இன்னும் எளிது. இதை இவன் கற்காவிட்டால் இவனுக்காக வேறொருவர் செய்தாக வேண்டுமா? சட்டை பட்டன் போடுவது என்றால் ஆமாம். மணி கோர்ப்பது? யாரும் செய்ய வேண்டாம்!

இதனால் ஆசிரியர் பயிற்சியே தெருவுக்கு வந்தது. பயிலும் ஆசிரியர் மாணவனின் வீடு, பஸ், கடை என்று சுற்றி, அங்கே ஒரு சாதாரண மனிதர் என்னென்ன செய்கிறார் என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். பிறகு அந்த வேலை நடக்கும் இடத்திலேயே கற்றுத்தர வேண்டும். வகுப்பில் அட்டை நாணயம் வைத்துப் பழகியது கடையில் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. ஓர் இடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துப்போவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம்.

நம் நாட்டில் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-ல் வந்தது. அதன்படி பதிவு இல்லாமல் இந்தப் பணி செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை எழுதியவர்கள் ஆசிரியர் எண்ணிக்கையை எழுதவில்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது; அதன் பிறகு 2022-ல்தான் தொடக்கப் பள்ளியில் பத்து சிறப்பு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று மத்திய அரசு அறிவித்தது.

போன வாரம் பால் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் அந்தப் பையன். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தான், இருபது ரூபாய் நோட்டை நீட்டினான், மீதிக்காகக் கையை விரித்தபடி நின்றான். கடைக்காரரும் அவசரப்படவில்லை. டீச்சரைத் தேடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தார்.