புகைபிடித்தலும் ஈறு நோயும்: ஆய்வு வரலாறு

பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால் ஈறில் நோய் இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவர். கசியாவிட்டால் ஈறு நலமாக இருக்கிறது என்று கொள்வது புகைப்பவருக்குப் பொருந்தாது. இதை மருத்துவ உலகம் தெளிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

1947இல் டென்மார்க் நாட்டுப் பல் மருத்துவர் பிண்ட்போர்க், கடற்படையில் இருந்த இளைஞர்களின் வாயைச் சோதித்தார். புகைப்பவரிடையே ஈறு புண்ணாகும் அழற்சியும் பற்காரையும் மிகுதியாக இருப்பதைக் கண்டார். (இவரே பின்னாளில் இந்தியாவில், பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தின் ஃபாலி மேத்தாவுடன் சேர்ந்து புகையிலையால் வரும் வாய் நோய்களை ஆராய்ந்தவர்.) ஆனால் புகைப்பவர்கள் பல்லைச் சரியாகத் துலக்குவதில்லை, குற்றம் அழுக்கினுடையது, புகையினுடையது அன்று என்ற விளக்கமே நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது.

அழுக்கின் பங்கும் மெய்தான். 1965இல் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோவும் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. தம் வாயையே ஆய்வுக்கூடமாக்கித் தந்த அந்த மாணவர்களைப் பாடநூல்கள் பெயர் சொல்லி நினைப்பதில்லை.

இதே முறையை 1986இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோமும் பிரேபரும் கையாண்டனர். புகைப்போர் 10 பேர், புகைக்காதோர் 10 பேர், 28 நாள். பல்லில் படிந்த படலம் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. புகைத்தவர்களின் ஈறோ குறைவாகவே சிவந்தது, குறைவாகவே கசிந்தது. அது நலத்தின் அடையாளம் அன்று. அழுக்கை எதிர்த்து ஈறின் இரத்தக் குழாய்கள் காட்ட வேண்டிய எதிர்வினையைப் புகை அடக்கிவிட்டிருந்தது.

1991இல் வெளிவந்த பெர்க்ஸ்ட்ரோம் குழுவின் மற்றோர் ஆய்வு, பிறர் பல்லைச் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியது. அவர்களைவிட வாயைத் தூய்மையாக வைத்திருப்பவர் யார்? அவர்களிலும் புகைத்தவர்களுக்கே பல்லைத் தாங்கும் எலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அழுக்கின் மீது மட்டும் பழிபோடும் வாதம் அதன்பின் நிற்கவில்லை. 2004இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, புகைத்தல் பல்சுற்று நோய்க்குக் காரணம் என்றே முடிவு கூறியது.

கல்லூரி நாட்களில் புகைக்கத் தொடங்குபவருக்கு வலியோ கசிவோ இல்லாமலேயே எலும்பு தேயலாம். பல் ஆடும்போதுதான் பலர் மருத்துவரிடம் போகின்றனர். தேய்ந்த எலும்பு தானாக வளர்வதில்லை. புகையை நிறுத்தியவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் ஈறில் கசிவு கூடுவதும் பின்னர் கண்டறியப்பட்டது. நிறுத்தியதால்தான் கேடு வந்தது என்று அஞ்சி மறுபடி பற்றவைக்க வேண்டியதில்லை. அடங்கிக் கிடந்த ஈறு மீண்டும் வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது.