நியமனம் முன்னே, பயிற்சி பின்னே: ஊவாத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் வரலாறு

நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமையாக்கினார். அவற்றுள் மலை, மழை பொய்த்த காலத்திலும் தன்பாலுள்ள வளத்தைப் பிறர்க்கு வழங்குவது என்பது அவர் கருத்து. ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்பதையும் அவர் விரித்துரைத்தார். ஆயின், தகுதியுடைய ஒருவனை ஆசிரியனாக ஆக்கும் முறை யாது, அதனை ஆக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களுக்கு அவர் நூலில் இடமில்லை. 13ஆம் நூற்றாண்டின் தமிழகத்தில் அவ்வினாக்கள் எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வினாக்கள் எழுந்தவண்ணம் உள்ளன. கிடைத்த விடைகள் யாவும் காலந்தாழ்த்தியே கிடைத்தன.

1894ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளையைச் சென்றடைய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. தேயிலையைக் கொழும்புக்கு இறக்குதற்பொருட்டு இத்துணை முயற்சி எடுத்த காலத்தில், அத்தேயிலையைக் கொய்தோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் யார் என்று நோக்குதல் வேண்டும். பல தோட்டங்களில் அவர் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியாகவோ, கணக்கப்பிள்ளையாகவோ, கங்காணியின் உறவினராகவோ இருந்தார். லயன் அறையொன்றின் திண்ணையோ பிள்ளை மடுவத்தின் ஒரு மூலையோ அவரது பாடசாலை. 1854இல் தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவுடன் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் பள்ளிகளை நிறுவியது. அங்குக் கற்பித்தவர் மதபோதகராகவும் விளங்கினார். ஏனைய இடங்களில் தமிழகத்துத் திண்ணைப்பள்ளி மரபே கடல் கடந்து வந்து தொடர்ந்தது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தான்.

இச்சட்டாம்பிள்ளை முறைக்கு உலகக் கல்வி வரலாற்றில் ஓரிடம் உண்டென்பதை இங்குக் கூறாமற் செல்லவியலாது. 1789 முதல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வகுத்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர் பெற்ற அது இங்கிலாந்தின் ஏழைகளுக்கான பள்ளிகளிற் பரவியது. பயிற்றப்பட்ட ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காமலே கூட்டங் கூட்டமாகப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்பதே அங்கு அதன் கவர்ச்சி. இங்கிலாந்து சில பத்தாண்டுகளில் அதனைக் கைவிட்டு ஆசிரிய பயிற்சிக் கல்லூரிகளை அமைக்கலாயிற்று. தோட்டங்களிலோ அம்முறையே நின்று நிலைத்தது. ஏழைகளின் கல்விக்கு மலிவான ஆசிரியர் போதும் என்னும் எண்ணம் இரு நாடுகளிலும் ஒன்றே. மாறிய வேகமே வேறு.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும் அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதையும் தோட்டத்துரையின் கடமையாக்கியது. அறையைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதனுள் நிற்கும் ஆசிரியரைப் பற்றி யாரும் கவலை கொள்ளவில்லை. அவரை நியமித்தவர் துரை. சம்பளம் கொடுத்தவரும் துரை. வேண்டாதபோது விலக்கும் உரிமையும் துரையிடமே இருந்தது. பிரட்டுக்களத்துப் பேரேட்டில் கங்காணி, கணக்கப்பிள்ளை ஆகியோருடன் சேர்த்து எண்ணத்தக்க ஒரு தோட்ட ஊழியராகவே ஆசிரியர் கருதப்பட்டார். கல்வித் திணைக்களத்தின் ஆசிரியராக எண்ணப்படாத ஒருவரைத் திணைக்களத்தின் கலாசாலைக்கு அனுப்பும் கேள்வியே எழவில்லை. பயிற்சியின் வரலாறு என்பது, அரசு யாரைத் தன் ஆசிரியரென எண்ணியது என்பதன் வரலாறேயாகும்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்குப் புறத்தே நின்றன. 1947இல் அவற்றை அரசு ஏற்பதற்குச் சட்டம் இயற்றப்பட்ட போதிலும், ஏற்கப்பட்டவை மிகச் சிலவே. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்தோரை நாடற்றோராக்கியது. இதன் விளைவை வாக்குரிமையோடு மட்டும் சேர்த்து நோக்குவது வழக்கம். ஆசிரியத் தொழிலின் மீது அது கொண்ட தாக்கமும் சிறிதன்று. அரச நியமனத்துக்குப் பிரசாவுரிமை வேண்டும். பயிற்சிக் கலாசாலைக்குச் செல்ல அரச நியமனமோ அதற்கான தகுதியோ வேண்டும். ஆகவே தோட்டத்திற் பிறந்து ஓரளவு படித்த இளைஞன் தன் தோட்டப் பள்ளியில் வாத்தியாராகலாம். அதற்கு மேல் அவனுக்குப் படியில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் அவ்வாறு ஓரளவு படித்தோரிற் பலரும் தலைமன்னாரில் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர்.

காணிச் சீர்திருத்தங்களின் பயனாகத் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்து, 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் கட்டங் கட்டமாகக் கல்வி அமைச்சின்கீழ் வந்தன. அரசு பொறுப்பேற்றவை பெரும்பாலும் ஓரறைக் கட்டடங்கள். அவற்றுட் பல ஓராசிரியர் பாடசாலைகள். ஓராசிரியர் பாடசாலையில் ஐந்து வகுப்புகளையும் அவரே நடத்துவார். இடாப்பு எழுதுபவரும் மணி அடிப்பவரும் அவரே. அத்தகைய ஒருவரை ஈராண்டுப் பயிற்சிக்குக் கலாசாலைக்கு அனுப்பினால் பாடசாலையை மூட வேண்டி நேரும். அனுப்பாவிட்டால் அவர் பயிற்றப்படாதவராகவே ஓய்வு பெறுவார்.

இச்சிக்கலுக்கு ஓரளவேனும் பொருந்திய விடை, 1980களின் முற்பகுதியில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியோடு மகரகமையிலிருந்து தொடங்கப்பட்ட தொலைக்கல்விப் பயிற்சியாகும். அச்சிட்ட பாடத்தொகுதிகள் ஆசிரியரின் கைக்கே வந்து சேர்ந்தன. அவர் தம் வகுப்பை விட்டகலாமல் இரவில் அவற்றைப் படித்து, ஒப்படைகளை எழுதி அனுப்பி, குறித்த நாள்களில் அண்மை நகரத்து நிலையத்தில் போதனாசிரியரைச் சந்தித்தார். விடுதி வேண்டாம், பதிலாசிரியர் வேண்டாம். செலவும் கலாசாலைப் பயிற்சியிலும் குறைவு. எழுத்தைக் கொண்டு கற்பித்தலை எந்த அளவு பயிற்ற இயலும் என்னும் ஐயம் கல்வியாளரிடையே இருந்ததுண்டு, அது நியாயமானதே. பிறிதொருவர் வகுப்பு நடத்துவதைக் கண்ணாற் காணாதவர், தாம் செய்யும் பிழையைத் தாமே கண்டுகொள்வது அரிது. எனினும் அந்தத் தொகுதி ஒன்றே, தோட்டத்து வாத்தியாரை அரசின் ஆசிரியர் என விளித்து அவருக்கென வந்த முதற் கடிதம் போன்றது. அதன் மதிப்பை அப்பக்கத்தாலும் நோக்க வேண்டும்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. மலையகத்தின் பெரிய தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தோரிற் கணிசமானோர் வடக்கிலிருந்து வந்த பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் பட்டதாரிகளும் ஆவர். 1983 ஜூலை வன்செயலில் பதுளை நகரும் எரிந்தது. அதன்பின் அவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. பயிற்றப்படாத ஓர் இளைஞர் தம் முதலாண்டில் அருகிருந்து பார்த்துப் பழகுதற்கு ஒரு மூத்த ஆசிரியர் வேண்டும். எந்தப் பாடநெறியும் அம்மூத்தவரின் இடத்தை நிரப்புவதில்லை.

1986ஆம் ஆண்டின் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் பழைய ஒழுங்கைத் தலைகீழாக்க முயன்றது எனலாம். அதுவரை நியமனம் முன்னே நடந்தது. பயிற்சி அதன் பின்னே சென்றது. கல்வியியற் கல்லூரியிலோ உயர்தரம் தேறிய மாணவர் ஈராண்டு தங்கிப் பயின்று, ஓராண்டு பாடசாலையொன்றிற் கட்டுறுபயிற்சி பெற்ற பின்னரே ஆசிரியராவர். பண்டாரவளைக்கு அடுத்த பிந்துனுவெவையில் ஊவாக் கல்லூரி அமைந்தது. தோட்டப் பாடசாலைகளின் தமிழாசிரியரை மனத்திற்கொண்டு, ஜெர்மனியின் உதவியுடன், 1990களில் வளர்ந்ததோ கொட்டகலைக்கு அருகிலுள்ள பத்தனை ஸ்ரீபாதக் கல்லூரி. பண்டாரவளைப் பிள்ளையொன்று அங்குச் செல்வதாயின் அப்புத்தளை கடந்து, நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலையில் ஏறி, நானுஓயா, தலவாக்கலை வழியாக மத்திய மாகாணத்துள் இறங்க வேண்டும். தூரம் பெரிதன்று. ஆயினும் ஊவாவில் ஆசிரியப் பயிற்சி என்பது ஊவாவுக்கு வெளியே செல்வது என்னும் நிலை பலருக்கு அவ்வாறே தொடர்ந்தது.

புதிய ஒழுங்கு பழையதை முற்றாக வென்றதென்றும் கூறவியலாது. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு மூவாயிரம் பேர் என்னும் கணக்கில் ஆசிரியர் உதவியாளர் சேர்க்கப்பட்டனர். உயர்தரம் தேறிய அவ்விளைஞர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுபனவாக வழங்கப்பட்டது. ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்பெற அவர்கள் பயிற்சியை முடிக்க வேண்டும். பயிற்சி முடியும்வரை முழு வகுப்பையும் நடத்த வேண்டும். பெயரில் உதவியாளர் என்றாலும், உதவப்படுதற்கு அவ்வகுப்பில் வேறோர் ஆசிரியர் இருக்கவில்லை. சட்டாம்பிள்ளையை மறவாத வாசகருக்கு இங்கு மேலும் விளக்கம் வேண்டா.

பயிற்சி பின்னே வருவது தோட்டப் பள்ளிக்கு மட்டும் உரியது என எண்ணுவாராயின் பல்கலைக்கழகத்தார் தம் வீட்டையும் சிறிது நோக்குதல் நன்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற காலந்தொட்டு நெடுங்காலம், சிறப்புப் பட்டம் ஒன்றே விரிவுரை மேடையில் ஏறுதற்குப் போதிய தகைமையாயிருந்தது. கற்பிக்கக் கற்க வேண்டும் என்று கூறுவதே சிலருக்கு அவமதிப்பாகத் தோன்றிய காலம் அது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1987இல் ஆசிரியர் பணிமனைக் கல்லூரிகளைத் தொடங்கியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மேம்பாட்டு நிலையம் 1997இல் தோன்றியது. பின்னர் புதிய விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்படுதற்குப் புகுமுகப் பயிற்சி கட்டாயமாயிற்று. 2005இல் பதுளையில் எழுந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்பாடமாகவே கற்பித்து வருகின்றது. தேயிலை பட்டம் பெற்றுவிட்டது, மகிழத்தக்கதே. தேயிலைத் தோட்டத்து ஆசிரியரின் கற்பித்தலை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் பீடம் ஊவாவிற்கு என்று வரும் என்பதே மீதமுள்ள வினா.

இவ்வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர் பாடசாலைத் தலைவர். அதிபர் சேவைப் பரீட்சையிற் சித்தியடைந்தோருக்கு முகாமைத்துவப் பயிற்சி உண்டு. மகரகமைத் தேசிய கல்வி நிறுவகமும், பாதுக்கையை அடுத்த மீப்பேயிலுள்ள தலைமைத்துவ நிலையமும் அதனை நடத்தி வந்துள்ளன. ஆனால் தோட்டப் பாடசாலைகளுட் பலவற்றை நெடுங்காலம் நடத்தியோர் அச்சேவையைச் சேர்ந்தவரல்லர். மூத்தவர் என்பதால் பொறுப்பேற்று, 'கடமை நிறைவேற்றும் அதிபர்' என்னும் பெயருடன், அதற்குரிய சம்பளமும் பயிற்சியும் இன்றிப் பல்லாண்டு பணி செய்தோரே அவர்கள். கால அட்டவணை அமைப்பதும், வராத ஆசிரியருக்கு மாற்று ஒழுங்கு செய்வதும், துரையிடம் நிலத்துக்கும் அரசியல்வாதியிடம் கூரைக்கும் நடையாய் நடப்பதும் அவர்கள் தாமே கற்றுக்கொண்டவை.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பண்டாரவளைக்குத் தெற்கே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்வேளையிற் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை; சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளே அகதி முகாம்களாயின. அன்று காலை குறிக்கப்பட்ட வரவு இடாப்பு மாலையில் வேறொரு கணக்குக்குப் பயன்படுவதாயிற்று. வகுப்பறையில் உணவும் பாயும் பங்கிடவும், பிள்ளையைத் தேடி வருவோருக்கு மறுமொழி சொல்லவும், அமைச்சரையும் பத்திரிகையாளரையும் எதிர்கொள்ளவும், அழுகின்ற மாணவன் பக்கத்தில் அமரவும் வேண்டியவர்கள் அப்பாடசாலைகளின் அதிபரும் ஆசிரியருமே. இடம்பெயர்ந்தோர் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்ட பின்னரே வகுப்பறைகள் மீண்டும் வகுப்பறைகளாயின.