இடையன்குடியில் கால்டுவெல் இணையர்

அயர்லாந்திற் பிறந்த இராபர்ட்டு கால்டுவெல் 1838-இல் சென்னையடைந்து, 1841-இல் திருநெல்வேலிச் சீமையிலே பனையும் தேரியும் சூழ்ந்த இடையன்குடியிற் கிறித்துவ சமயப்பணிக்கு அமர்ந்தனர். 1844-இல் அவர் மணந்த எலிசா அம்மையார், நாகர்கோயிலிற் பணியாற்றிய மால்ட்டுப் பாதிரியாரின் புதல்வியார்; நாட்டு வழக்குத் தமிழை நன்கறிந்தவர். ஆகலின், கணவர்க்கு அயலாயிருந்த நாடு மனைவியார்க்கு அயலன்று. அம்மையார் பெண்மக்கட்குக் கல்வியும் பின்னல்வேலையும் பயிற்றினார்.

1849-இற் கால்டுவெல் நாடார் குலத்தாரைப்பற்றி வெளியிட்ட நூல் அம்மக்கள் உள்ளத்தைப் புண்படுத்திற்று. 1856-இல் வெளிப்போந்த அவரது ஒப்பிலக்கண நூலோ, தமிழ் வடமொழியினின்று பிறந்ததன்றென நிறுவிற்று. 1883-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்த அவர், 1891-இற் கொடைக்கானலிற் காலஞ்சென்று, இடையன்குடியிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

ஒரு நாட்டின் மொழியை ஆராய்தல் வேறு. அந்நாட்டு மக்களை அறிதல் வேறு. பின்னையது முற்றத்துப் பேச்சாற் கைகூடுவது. புறச்சமயத்தாராயினும் தமிழ்நலம் புரிந்தாரைப் போற்றலும், அவர் பிழையை மறுத்தலும் சைவ நன்மக்கள் கடனாம்.