எண்ணப்படாதவை இழக்கப்படுகின்றன: முத்துச் சிப்பியும் பூனைப்பருந்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் மாணவர்கள் சிலருடன் ஊருக்கு வெளியே உள்ள கரிசல் தரிசுக்குச் சென்றிருந்தோம். மஃரிபுக்குச் சற்று முன்னர், நீண்ட இறக்கைகளைச் சாய்த்துப் பிடித்தபடி மூன்று பருந்துகள் தரையை ஒட்டிப் பறந்து வந்து புல்லுக்குள் இறங்கின. அவை பூனைப்பருந்துகள். கையிலிருந்த குறிப்பேட்டில் ‘3’ என்று எழுதினோம். அப்போது ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், பருந்து நமக்கு ஹராமான பறவைதானே? சாப்பிடவும் மாட்டோம், வளர்க்கவும் மாட்டோம். அதை ஏன் எண்ண வேண்டும்?”

அது நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையின் ஒரு பகுதி நம் கடற்கரையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் முன்னோர் முத்தால் வாழ்ந்தவர்கள். பரவர்களும் முஸ்லிம்களும் ஒரே கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். அந்தத் தொழிலில் குளிப்புக்கு முன்னரே எண்ணிக்கை தொடங்கிவிடும். சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் அதிகாரிகள் குளியாட்களுடன் சென்று பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, அதன் வயது என்ன என்று கணக்கெடுப்பார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளிலிருந்து கிடைத்த முத்துகளை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். கணக்குச் சாதகமாக இருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். சிப்பி இளசாகவோ குறைவாகவோ இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை.

கரைக்கு வந்த சிப்பிகளும் எண்ணப்பட்டன. குளியாட்களின் பங்கு பிரிக்கப்பட்ட பின், அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னல் எழுதி 1922இல் வெளியான நூலின் பெரும்பகுதி இத்தகைய சோதனைகளையும் கணக்குகளையும் சார்ந்ததே. அக்கணக்குகள் இருப்பதால்தான், 1928க்குப் பின் 1955 வரை இங்கே குளிப்பு நடக்கவில்லை என்பதையும், 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர் என்பதையும் இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. நம் பாட்டன்மார் “பார் கெட்டுவிட்டது” என்று ஒரே வரியில் சொன்னதை, ஏடுகள் ஆண்டுவாரியாகச் சொல்கின்றன.

முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தது. அதே மாதங்களில்தான், குளிர்காலத்தை நம் நிலத்தில் கழித்த பூனைப்பருந்துகள் வடக்கு நோக்கித் திரும்புகின்றன. கஜகஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகளின் புல்வெளிகளில் அவை தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கடலுக்கு அடியில் உள்ளதை எண்ணிய அதே பருவத்தில், நம் தலைக்கு மேலே ஒரு பெரும் பயணம் எண்ணப்படாமலே நடந்து வந்திருக்கிறது.

வேறு நாடுகளில் அப்பயணத்தை எண்ணினார்கள். ஹிஜ்ரி 92இல், அதாவது கி.பி. 711இல், தாரிக் இப்னு ஸியாத் கடந்து சென்ற நீரிணையை நாம் அறிவோம். அவர் பெயரால் ஜபல் தாரிக் என்றான இடமே இன்றைய ஜிப்ரால்டர். வசந்த காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் கழுகுகளும் பருந்துகளும் அங்கேதான் திரள்கின்றன. அகன்ற சிறகுள்ள பறவைகள், வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி உயர்ந்து, பின் சறுக்கிச் செல்பவை. கடலின் மேல் அத்தகைய காற்று எழுவது குறைவு. ஆகவே கடலைக் குறுக்கே கடக்க, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த இடுக்கான வழியை அவை தேர்ந்துகொள்கின்றன. மலைமுகட்டில் அமர்ந்திருப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அவ்வழியே செல்லும் பருந்துகளை மக்கள் விளையாட்டுக்காகச் சுட்டுக் குவித்தார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அம்மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதைத் தடுத்தார். மாரிஸ் புரூன் என்பவர் காவலராக அங்கே தங்கிப் பறவைகளை எண்ணத் தொடங்கினார். அந்தக் கணக்கு எதற்கு உதவும் என்று அன்று எவருக்கும் தெரியாது. 1930களின் பிற்பகுதியில் அங்கே காணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் 100க்கு 40 இளம் பறவைகள். 1950களின் பிற்பகுதியில் அது 20 ஆகக் குறைந்தது. கழுகுகள் பறந்தன, ஆனால் குஞ்சுகள் குறைந்தன. ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய நூலில் இக்கணக்கைச் சான்றாக வைத்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி. மருந்தின் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. ஒரு மலைமீது அமர்ந்து பொறுமையாக எழுதிய எண்கள், ஒரு நாட்டின் வயல்களில் தெளிக்கப்பட்ட நஞ்சுக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

நம் நாட்டிலும் இத்தகைய பொறுமைக்காரர்கள் இருந்தார்கள். 1896இல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஸாலிம் அலி, இளம் வயதில் தாம் சுட்ட ஒரு குருவியின் பெயரை அறிய முற்பட்டு, வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே செலவிட்டார். அவர் தொடங்கி வைத்த வளையமிடும் பணியில், நம் தமிழகத்தின் கோடிக்கரை முக்கியமான இடமாக விளங்கிவருகிறது.

பூனைப்பருந்துகளை எண்ண மலைமுகடு தேவையில்லை. மற்றப் பருந்துகள் மரத்தில் தங்க, இவை அந்தி வேளையில் புல்வெளியில் ஒன்றுகூடித் தரையிலேயே இரவைக் கழிக்கின்றன. அவை வந்து இறங்கும்போது எண்ண வேண்டும். ஆந்திராவின் ரோல்லபாடு புல்வெளியில் 1980களில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் ஓரிடத்தில் தங்கின. பிற்காலத்தில் அது நூறு அளவுக்குச் சுருங்கியது. இந்தியாவின் பல தங்குமிடங்களில் 30 ஆண்டுகளாகச் சேர்ந்த எண்ணிக்கைகளை ஆய்வாளர்கள் கணேஷும் பிரசாந்தும் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் இங்கு வரும் பூனைப்பருந்துகள் குறைந்து வருவதை அத்தொகுப்பு காட்டியது. புல்வெளி உழப்படுகிறது, சீமைக்கருவேலம் படர்கிறது, வயலில் மருந்து அடிக்கப்படுகிறது. இப்பறவைகளோ வெட்டுக்கிளியையும் எலியையும் தின்று உழவருக்குக் கூலியின்றி உழைப்பவை.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். நகத்தால் இரை பிடிக்கும் பறவையை உண்ணக் கூடாது என்று மார்க்கம் தடுத்திருக்கிறது. உண்ணக் கூடாது என்பதற்கு, பொருட்படுத்தத் தேவையில்லை என்று பொருளில்லை. இரு சிறகால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து சூரா அல்அன்ஆமில் வருகிறது. அங்கே ஹலாலான பறவை, ஹராமான பறவை என்ற பிரிவினை சொல்லப்படவில்லை. அல்லாஹ் யாவற்றையும் எண்ணிக் கணக்கிட்டு வைத்திருப்பவன் என்று ஓதுகிறோம். அவன் கணக்கில் உள்ள ஒன்றை நாம் கணக்கில் கொள்ளாமல் விடுவது அமானிதத்தில் செய்யும் குறை அல்லவா?

முத்துச் சிப்பியை நம் முன்னோர் காலத்தில் எண்ணினார்கள், ஏனெனில் அதில் வருமானம் இருந்தது. பருந்தை எவரும் எண்ணவில்லை, ஏனெனில் அதில் வருமானம் இல்லை. ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முன் தோலாயிரம் பாரின் நிலை என்ன என்று ஏட்டைப் புரட்டி அறியலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கரிசலில் எத்தனை பூனைப்பருந்துகள் இறங்கின என்று கேட்டால், புரட்டுவதற்கு ஏடே இல்லை. அன்று மாலை நாம் எழுதிய ‘3’ அதிகமா, குறைவா என்று மாணவர்களுக்குச் சொல்ல நம்மால் முடியவில்லை. அதுவே நமக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

எனவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஷா அல்லாஹ், வரும் ஐப்பசி முதல் பங்குனி வரை, மாதம் ஒரு முறையேனும் பிள்ளைகளை ஊர்ப்புறத் தரிசுக்கு அழைத்துச் செல்லுங்கள். அஸருக்குப் பின் சென்று மஃரிபுக்குள் திரும்பிவிடலாம். பறவைகள் இறங்கும் இடத்துக்கு அருகில் செல்லாமல் தொலைவில் அமருங்கள். நாள், இடம், எண்ணிக்கை மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் ‘0’ என்று எழுதட்டும். வராததை வந்ததாக எழுதாமல் இருப்பதும் பிள்ளைகள் கற்க வேண்டிய நேர்மைதான்.

அந்த மாணவர் இப்போது தாமாகவே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் ‘3’ என்ற எண் இருக்கிறது.

தன் படைப்புகளின் மீது நம்மைப் பொறுப்பாளர்களாக்கிய வல்ல ரஹ்மான், அப்பொறுப்பை உணர்ந்து நிறைவேற்றும் நல்லறிவை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.