சிப்பைச் சாத்தியமாக்கிய படலமும் நாம் அறியாத இரண்டு பெயர்களும்



நம் பிள்ளைகளின் போனுக்குள் இருக்கும் சிப்பில் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் உள்ளன. பில் கேட்ஸையும் ஸ்டீவ் ஜொப்ஸையும் நமக்குத் தெரியும். அந்தத் திரான்சிற்றருக்கு வழி திறந்த முஹம்மத் அதல்லாவை எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் அதாவுல்லா என்று எழுதும் அதே பெயர்தான்.

1924இல் எகிப்தின் போர்ட் சயீத்தில் பிறந்தவர். கெய்ரோவில் படித்து, அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் கற்றது இயந்திரப் பொறியியல். 1949இல் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

முதலாவது திரான்சிற்றர் 1947இல் அங்கேதான் ஜேர்மானியத்தில் செய்யப்பட்டிருந்தது. சிலிக்கன் அதைவிடச் சூடு தாங்கும். ஆனால் அதன் மேற்பரப்பில் இலத்திரன்கள் சிக்கிக்கொண்டு, வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலத்தை உள்ளே விடாமல் தடுத்தன. அதல்லாவின் குழு சிலிக்கனை ஒட்சிசனில் கடுமையாகச் சூடாக்கி, மேலே கண்ணாடி போன்ற ஒட்சைட்டுப் படலமொன்றை வளர்த்தது. தொல்லை பெருமளவு அடங்கியது. அந்தப் படலத்தில் அவருக்கு முன்பே ஃப்ரொஷ், டெரிக் இருவரும் அங்கு ஆய்வு செய்திருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

1959இல் அதல்லாவும் சியோலில் பிறந்த டாவொன் காங்கும் படலத்தின் மேல் உலோகத்தை வைத்து மொஸ்ஃபெட் என்ற புதுவகைத் திரான்சிற்றரைச் செய்தார்கள். வேகம் குறைவு என்று பெல் ஆய்வுகூடம் அதில் அக்கறை காட்டவில்லை. ஆர்.சி.ஏ., பெயார்சைல்ட் நிறுவனங்கள் வளர்த்தெடுத்தன. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2300 மொஸ் திரான்சிற்றர்கள் இருந்தன. பிறகு திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்கப் படலமும் சில அணுக்களின் தடிப்புக்கு மெலிந்து, மின் கசியத் தொடங்கியது. 2007இல் இன்டெல் அந்த இடத்தில் ஹஃப்னியம் கலந்த பொருளுக்கு மாறியது.

முதல் திரான்சிற்றருக்காக மூவருக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இருவருக்கும் அது கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் 2009இல்தான் இவர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டன. காங் 1992இலேயே இறந்துவிட்டார். அதல்லா அதே 2009 டிசம்பரில் மறைந்தார்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பாதுகாக்கும் கருவியொன்றை 1970களில் உருவாக்கியவரும் அதல்லாவே.

"இதெல்லாம் பெரிய நாட்டுக்காரர் வேலை, நமக்கெதற்கு" என்று உயர்தரப் பிள்ளை ஒன்று சொன்னால், போர்ட் சயீத்திலிருந்தும் சியோலிலிருந்தும் போன இந்த இருவரையும் நாம் சொல்லிக் கொடுப்போம்.